குறி எண்ணில் இல்லை: தமிழ் எழுத்து மைனஸ் ஆன கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கம்ப்யூட்டர் தெரியாத சித்தப்பா, பெரியம்மாக்கள் தலைப்பைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். இது கணக்குப்பிள்ளை விஷயம்தான்.

என்னிடம் படித்து இப்போது சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவர், அவருடைய தாத்தா 2001 வாக்கில் திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த ஊர்க் கோயில் வரலாற்றை யூனிகோடுக்கு மாற்ற சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறார். கம்பைலர் (நம் பாடப்புத்தகத் தமிழில் நிரல்பெயர்ப்பி) இரண்டு எச்சரிக்கைகள் கொடுத்தது. ஒன்று, "குறியுள்ள எண்ணையும் குறியில்லாத எண்ணையும் ஒப்பிடுகிறாய்." இரண்டு, "அணியின் சுட்டெண் சார் வகையில் இருக்கிறது." எச்சரிக்கைதான், பிழை இல்லை, நிரல் ஓடத்தான் செய்கிறது. "சார், இதை ஆஃப் பண்ணிடலாமா?" என்று கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. வரலாறு தெரிந்தால்தான் பதில் புரியும்.

என்னிடம் பிளஸ் டூவில் படித்தவர்களுக்கு டர்போ சி++ நீலத் திரை ஞாபகம் இருக்கும். 20000-ஐயும் 20000-ஐயும் கூட்டச் சொன்னால் -25536 என்று காட்டும். வகுப்பே சிரிக்கும். அந்தக் கம்பைலரில் ஒரு இன்ட் என்பது 16 பிட். 16 பிட்டில் எழுதக்கூடிய கோலங்கள் மொத்தம் 65536. அவற்றில் பாதியைச் சுழியத்துக்கும் நேர்ம எண்களுக்கும், பாதியை எதிர்ம எண்களுக்கும் பங்கு போட்டால் மேல் எல்லை 32767. அதைத் தாண்டிய 40000 எதிர்மப் பக்கத்தில் போய் விழுகிறது: 40000-லிருந்து 65536-ஐக் கழித்தால் -25536.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இயந்திரத்துக்குள் இருக்கும் பிட் கோலம் மாறவே இல்லை. அதே 16 பிட்டைக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் 40000, குறியுள்ள எண்ணாகப் படித்தால் -25536. எட்டு பிட்டிலும் இதே கதை. எட்டும் 1 ஆக இருந்தால் அது 255; அல்லது -1. எது என்று பிட் சொல்லாது. நிரலின் தொடக்கத்தில் நாம் எழுதும் அறிவிப்பு வரிதான் சொல்லும். குறி எண்ணில் இல்லை, அறிவிப்பில் இருக்கிறது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன? நெல் மண்டிக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் 500 என்று எழுதுகிறார். அது வரவா பற்றா என்று அந்த 500-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. எந்தப் பத்தியில் எழுதினார் என்று பார்த்தால்தான் தெரியும். பெரிய கோயில் சுவருக்குப் போங்கள். 1010-ல் கட்டி முடித்த கோயில். முதலாம் இராசராசனின் நில அளவைக் கணக்கு அதன் கல்வெட்டுகளில் இருக்கிறது. ஒரு வேலி நிலத்தை 52,428,800,000 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு வரைக்கும் பின்னம் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன், இன்றைக்கு ஒரு வகுப்பில் அந்தப் பின்னத்தைக் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பேர் காலாண்டு விடுமுறை வரை பள்ளிக்கு வரமாட்டார்கள். (320-ஐ நான்கு முறை பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். முந்திரி என்ற நம் பழைய பின்னம் 320-ல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அந்த முந்திரியில் 320-ல் ஒரு பங்கு. அந்தப் படிக்கட்டில் இறங்கித்தான் இந்த எண்ணுக்கு வருகிறோம்.)

இந்த எண்கள் எல்லாம் குறியில்லாதவை. மைனஸ் இரண்டு மா நிலம் என்று ஒன்று கிடையாது. கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகள் வட்டிக்குக் காசு வாங்கியதையும் அதே கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. அங்கே கடன் உண்டு. ஆனால் அந்தக் கடனும் எண்ணின் முன்னால் ஒரு கோடாக நிற்கவில்லை. யார் யாருக்குத் தரவேண்டும் என்பதை வாக்கியம் சொல்கிறது. எண்ணிலேயே குறியை ஏற்றி, அதற்குக் கூட்டல் பெருக்கல் விதி வகுத்தவர் இன்னும் பழைய ஆள்: 628-ல் பிரம்மகுப்தர். நேர்ம எண்ணைத் தனம் என்றும் எதிர்ம எண்ணை ருணம் என்றும் சொன்னார். சொத்து, கடன். இரண்டு கடனைப் பெருக்கினால் சொத்து என்பது அவர் விதி. மாணவர்கள் அன்று முதல் இன்று வரை நம்பாத விதி.

ஆக இரண்டு மரபுகள். குறியை எண்ணுக்குள் வைப்பது ஒன்று, எண்ணுக்கு வெளியே வாக்கியத்திலோ பத்தியிலோ வைப்பது இன்னொன்று. கணினி வந்தபோது இரண்டும் மோதிக்கொண்டன.

தொடக்கக் காலக் கணினிகளில் எதிர்ம எண்ணை எப்படி எழுதுவது என்பதில் ஒற்றுமை கிடையாது. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1964-ல் வந்த சி.டி.சி. 3600 இயந்திரம் 1-ன் நிரப்பி முறையில் வேலை செய்தது. அதாவது எல்லா பிட்டையும் புரட்டிப் போட்டால் எதிர்ம எண். அதில் சுழியம் இரண்டு: நேர்மச் சுழியம், எதிர்மச் சுழியம். சுழியத்தைக் கொண்டாடும் நாட்டுக்கு இரண்டு சுழியமுள்ள இயந்திரம் வந்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அதே 1964-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 வரிசை 2-ன் நிரப்பி முறையைப் பிடித்துக்கொண்டது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 அந்த வம்சம்தான். சுழியம் ஒன்றே ஒன்று, கூட்டல் கழித்தலுக்குத் தனித்தனிச் சுற்று வேண்டாம். மெல்ல மெல்ல உலகம் முழுக்க அந்த முறைக்கே வந்துவிட்டது.

2-ன் நிரப்பியில் ஓர் அழகு உண்டு. 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், 32 பிட் இயந்திரத்தில் 2147483648 வரை எல்லாவற்றையும் கூட்டுங்கள். எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். குறியில்லாமல் படித்தால் 4294967295. குறியோடு படித்தால் -1. நேர்ம எண்களை மட்டுமே கூட்டி -1 வருவதா என்று கும்பகோணத்துப் பிள்ளைகளாவது ஆச்சரியப்படக் கூடாது. 1, 2, 4, 8 என்று முடிவில்லாமல் போகும் தொடரின் மதிப்பு -1 என்று 18-ம் நூற்றாண்டிலேயே ஆய்லர் எழுதிவிட்டார். நம் இராமானுஜன் 1913 பிப்ரவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் 1, 2, 3, 4 என்று போகும் தொடருக்கு, 12-ல் ஒரு பங்கு, அதுவும் எதிர்மம், என்று விடை எழுதினார். அது வேறு கணிதம், வேறு வழி. ஆனால் எந்த விதியின்கீழ் படிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடையைச் சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் என்பது இரண்டுக்கும் பொது. இராமானுஜனுக்கும் அது தெரிந்தேயிருந்தது.

சி மொழிக்கு வருவோம். அதன் மூதாதை, கென் தாம்சன் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எழுதிய பி மொழி. அதில் வகை என்பதே கிடையாது. எல்லாம் ஒரே மாதிரி 'சொல்'. 1970-களின் தொடக்கத்தில் அதே ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அதை பி.டி.பி.-11 என்ற கணினிக்காக வளர்த்து, இன்ட், சார் என்று வகைகளைக் கொண்டுவந்தார். அதுதான் சி. (சார் என்பது கேரக்டர் என்பதன் சுருக்கம், ஓர் எழுத்தை வைக்கும் பைட். ஆய்வகத்தில் யாராவது "சார்" என்றால் என்னைக் கூப்பிடுகிறார்களா, நிரலை வாசிக்கிறார்களா என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன்.) குறியில்லாத வகை, அதாவது அன்சைன்டு, முதலில் இல்லை. பிறகுதான் வந்து சேர்ந்தது. 1978-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்தில் அது இருக்கிறது. கூடவே விதியும் இருக்கிறது. இரண்டு இன்ட்டில் ஒன்று குறியில்லாதது என்றால் மற்றதையும் குறியில்லாததாக மாற்றிவிட்டுத்தான் கணக்கு.

ஏன் அப்படி? மாற்றுவதற்குச் செலவே இல்லை. 2-ன் நிரப்பியில் பிட் எதையும் தொட வேண்டாம், படிக்கும் கண்ணாடியை மாற்றினால் போதும். சின்ன இயந்திரங்களின் காலத்தில் அது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

அதன் விளைவு என்ன என்பதற்கு டெல்டாக்காரர்களுக்குப் புரியும் ஓர் உதாரணம், முழுக்க நான் கட்டியது. மேட்டூருக்கு நீர்வரத்து விநாடிக்கு 8000 கன அடி, திறப்பு 12000 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் -4000. இதைக் குறியுள்ள எண்ணில் சரியாகவே வைத்திருக்கிறீர்கள். "வித்தியாசம் 500-க்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி அடி" என்று நிரல். ஆனால் அந்த 500-ஐ, வரம்பு எங்கே எதிர்மமாகப் போகிறது என்று நினைத்து, குறியில்லாத எண்ணாக அறிவித்துவிட்டீர்கள். இயந்திரம் என்ன செய்யும்? -4000-ஐக் குறியில்லாததாகப் படிக்கும். அது 4294963296. அதாவது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். "இது 500-க்குக் கீழே இல்லையே" என்று பேசாமல் இருந்துவிடும். அணை வற்றிக்கொண்டிருக்கும், நிரலின் கண்ணுக்கு ஊழிப் பெருவெள்ளம். கணக்கில் ஒரு தப்பும் இல்லை, மணி மட்டும் அடிக்காது. கம்பைலரின் முதல் எச்சரிக்கை இந்த இடத்துக்குத்தான்.

இந்த ஆபத்து உருவாக்கியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1978-ல் அதே பெல் ஆய்வகத்தின் ஸ்டீஃபன் ஜான்சன் 'லின்ட்' என்று ஒரு சோதனை நிரல் எழுதினார். வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். கம்பைலர் வேகமாக வேலையை முடிக்கட்டும், குறை பார்க்க வேறு ஆள் இருக்கட்டும் என்பது அன்றைய ஏற்பாடு. குறியில்லாத எண் சுழியத்தைவிடச் சிறியதா என்று கேட்கும் அர்த்தமில்லாத வரிகளை லின்ட் அப்போதே சுட்டிக்காட்டியது. இன்னொன்றையும் சுட்டியது: பி.டி.பி.-11-ல் ஓர் எழுத்து -128 முதல் 127 வரை போகும், மற்ற பல இயந்திரங்களில் எழுத்து எதிர்மமே ஆகாது, அதனால் இப்படி எழுதிய நிரல் ஊர் மாறினால் உடையும் என்று.

எழுத்து எப்படி எதிர்மம் ஆகும்? இங்கேதான் நம் கதை.

பி.டி.பி.-11 ஒரு பைட்டை எடுத்துப் பெரிய பதிவேட்டில் வைக்கும்போது, முதல் பிட்டைக் குறி என்று எண்ணி நீட்டிவிடும். அது அந்த வன்பொருளின் குணம். சி மொழியும் அதற்கு வளைந்து கொடுத்தது. அமெரிக்கர்களுக்குக் கவலை இல்லை. 1963-ல் அவர்கள் வகுத்த ஆஸ்கி குறியீட்டில் மொத்தமே 128 இடங்கள். எல்லா எழுத்தும் 127-க்குள் அடக்கம். முதல் பிட் எப்போதும் 0. எதிர்மம் ஆக வழியே இல்லை.

ஐ.பி.எம். பெருங்கணினிகளில் வேறு குறியீடு. அங்கே ஆங்கிலத்தின் முதல் எழுத்தான பெரிய 'ஏ'-யே 193. குறியோடு படித்தால் -63 ஆகிவிடும். 1983-ல் தொடங்கி 1989-ல் முடித்த அமெரிக்கத் தரக்குழு இதற்கு என்ன செய்தது தெரியுமா? சார் குறியுள்ளதா இல்லையா என்பதைக் கம்பைலர் எழுதுபவரே முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் 'அடிப்படை எழுத்துத் தொகுதி'யில் உள்ள எழுத்துகள் மட்டும் எதிர்மம் ஆகக் கூடாது என்று எழுதியது. அடிப்படைத் தொகுதி என்றால் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில நிறுத்தக்குறிகள். அவற்றுக்குக் காப்பு உண்டு. பிரெஞ்சு எழுத்துக்கு இல்லை, ரஷ்ய எழுத்துக்கு இல்லை, தமிழுக்கும் இல்லை. இதில் சதி எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல்களை உடைக்க வேண்டாமே என்ற சமரசம். ஆனால் சமரசத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அந்த அறையில் இல்லாதவர்கள்.

தமிழ் கணினிக்குள் வந்த வழியைப் பாருங்கள். 1990-களில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவருக்குப் புள்ளியும் கோடுமாகத் தெரியும். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் முரசு அஞ்சல் உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்றவர்கள் நாடு கடந்து கூடிப் பேசி உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்ற தரங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. திஸ்கி, டாப் இரண்டும் ஒரே உத்தி: முதல் 128 இடங்களில் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு, 128-க்கு மேலுள்ள இடங்களில் தமிழைக் குடியேற்றுவது. வேறு வழியும் இல்லை. காலியாக இருந்த மனை அதுதான். கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த எத்தனையோ தமிழ் நூல்கள் திஸ்கியில்தான் முதலில் இணையம் ஏறின. அந்தக் காலத்தில் எழுத்துரு இல்லாமல் திறந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், தமிழ் என்ற சொல்லே ¾ என்ற முக்கால் குறியோடு தொடங்கும். திஸ்கியில் 'த' 190-ம் இடம். மேலைநாட்டு எழுத்துருவில் அதே இடத்தில் முக்கால்.

190 என்பதைக் குறியுள்ள பைட்டாகப் படித்தால் -66.

நம் வீட்டு மேசைக் கணினிகளில் இருக்கும் இன்டெல் வகைச் சில்லுகளுக்கான கம்பைலர்கள் பெரும்பாலும் சார் என்பதைக் குறியுள்ளதாகவே எடுத்துக்கொண்டன. பி.டி.பி.-11-ன் பழக்கம் தலைமுறை தாண்டி வந்து சேர்ந்தது. இப்போது நம் நண்பரின் நிரலைப் பாருங்கள். 256 கட்டங்கள் உள்ள ஓர் அட்டவணை. திஸ்கி எண்ணைக் கொடுத்தால் யூனிகோடு எழுத்து கிடைக்கும். 'த' வந்ததும் 190-ம் கட்டத்துக்குப் போக வேண்டும். சார் வகையில் வைத்திருப்பதால் போவது -66-ம் கட்டத்துக்கு. அப்படி ஒரு கட்டம் கிடையாது. அட்டவணை தொடங்குவதற்கு 66 கட்டம் முன்னால், வேறு யாருடைய தரவோ கிடக்கும் நினைவகத்தில் கை வைக்கிறது. சில நேரம் குப்பை எழுத்து வரும், சில நேரம் நிரல் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். தமிழ் வந்தால் மட்டும்தான் விழும். இரண்டாவது எச்சரிக்கை இதைத்தான் சொன்னது.

இது நண்பரின் நிரலோடு நிற்கும் சங்கதி இல்லை. "இது எழுத்தா, எண்ணா, இடைவெளியா" என்று கேட்கும் சி நூலகச் செயல்கூறுகளும் உள்ளே இதே மாதிரி அட்டவணையைத்தான் பார்க்கின்றன. அவற்றுக்கு 0 முதல் 255 வரையோ, கோப்பு முடிந்தது என்பதைக் குறிக்கும் அடையாளமோதான் கொடுக்கலாம் என்று தரம் சொல்கிறது. அந்த அடையாளம் வழக்கமாக -1. நேரே ஒரு தமிழ் பைட்டைக் கொடுத்தால் விதிமீறல். லினக்ஸின் குனு நூலகத்தார் நல்ல மனதுக்காரர்கள். தப்பாகக் கொடுப்பவர்களுக்காக அட்டவணையை முன்பக்கம் -128 வரை நீட்டி, 384 கட்டமாக வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் வேறு மாதிரி. விஷுவல் சி++-ல் பிழைதேடும் முறையில் ஓட்டினால் நிரலை நிறுத்தி ஒரு பெட்டி காட்டும். எழுத்தோடு 1-ஐக் கூட்டி, அதைக் குறியில்லாததாக மாற்றி, 256-க்குள் இருக்கிறதா என்று அதன் பழைய பதிப்புகள் சோதித்தன. 'த'வுக்கு -66 + 1 = -65; குறியில்லாமல் படித்தால் 4294967231. பிடிபட்டது. எந்த மாற்றத்தால் மேட்டூர் மணி அடிக்காமல் போனதோ, அதே மாற்றத்தைப் பொறியாக வைத்துத் திருடனைப் பிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

திஸ்கி போய் யூனிகோடு வந்தாகிவிட்டதே, 2010-ல் தமிழ்நாட்டரசும் அதை ஏற்றுக்கொண்டதே என்பீர்கள். யூனிகோடு கோப்பில் எழுதப்படுவது பெரும்பாலும் யு.டி.எஃப்.-8 முறையில். அதை 1992-ல் வகுத்தவர்களில் ஒருவர், வகையே இல்லாத பி மொழியை எழுதிய அதே கென் தாம்சன். இன்னொருவர் ராப் பைக். அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'த' என்றால் 224, 174, 164. குறியோடு படித்தால் -32, -82, -92. தஞ்சாவூர் என்று நாம் எழுதுவது கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடுக்கு ஒன்பது குறி, கோப்பில் 27 பைட். இருபத்தேழும் எதிர்மம். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பதிவில் எண்கள், இடைவெளிகள், நிறுத்தக்குறிகள் தவிர மற்றதெல்லாம் ஒரு பழைய சி நிரலின் கண்ணுக்கு முழுக் கடன்!

இன்னொரு தொல்லை. கைப்பேசிகளில் இருக்கும் ஏ.ஆர்.எம். வகைச் சில்லுகளில் லினக்ஸ் கம்பைலர்கள் சார் என்பதைக் குறியில்லாததாக எடுத்துக்கொள்கின்றன. மேசைக் கணினியில் விழும் நிரல் அங்கே ஓடும். அங்கே ஓடியது இங்கே விழும். ஜான்சன் 1978-ல் சொன்ன அதே வார்த்தை.

காந்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பேரப்பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். 1991-ல் வந்த சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டில் காந்தி அணுகுண்டு போடுவார் என்று ஒரு கதை. அவருடைய மூர்க்கக் குணத்துக்கு 1 மதிப்பெண்ணாம். மக்களாட்சிக்கு மாறினால் 2 குறையுமாம். -1 என்பது குறியில்லாத பைட்டில் 255 ஆகி, காந்தி உலகிலேயே மூர்க்கமானவர் ஆகிவிடுவாராம். வகுப்பில் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் நடக்கவே இல்லை. விளையாட்டை உருவாக்கிய சிட் மெயர் 2020-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் அப்படி ஒரு பிழை இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார். உதாரணம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை வரலாறு என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நிஜமாக நடந்தது வேண்டுமென்றால் 2002 ஆகஸ்டில் ஃப்ரீ.பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தார் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பைச் சொல்லலாம். "கேட்கும் நீளம் வரம்பைத் தாண்டுகிறதா" என்ற சோதனை குறியுள்ள எண்ணில் நடந்தது. எதிர்ம நீளம் எந்த வரம்பையும் தாண்டாது, வாயிற்காவலர் உள்ளே விட்டுவிட்டார். உள்ளே நகலெடுக்கும் பகுதி அதே எண்ணைக் குறியில்லாமல் படித்தது. பிரம்மாண்டமான நீளம். இயங்குதளத்தின் உள்நினைவகத்தை வெளியாள் படித்துவிடும் நிலை. இந்த வகை ஓட்டை வேறு பல மென்பொருள்களிலும் அகப்பட்டிருக்கிறது.

இப்போது கம்பைலர் என்ன செய்கிறது? குனு கம்பைலரில் 'எல்லாம்' என்று பொருள்படும் ஓர் எச்சரிக்கை விருப்பம் இருக்கிறது. பெயர்தான் எல்லாம். சி++ மொழியில் அதைப் போட்டால் குறி ஒப்பீட்டு எச்சரிக்கை வரும். சி மொழியில் வராது, 'கூடுதல்' என்ற இன்னொரு விருப்பத்தையும் போட வேண்டும். எழுத்தைச் சுட்டெண்ணாக வைப்பது பற்றிய எச்சரிக்கை இரண்டிலும் 'எல்லாம்' போட்டாலே வந்துவிடும். நண்பர் இரண்டு விருப்பமும் போட்டிருந்தார் என்பதிலிருந்தே அவர் கவனமான ஆள் என்று தெரிகிறது.

அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஆஃப் பண்ண வேண்டாம். வகைமாற்றம் ஒன்றை முன்னால் ஒட்டி எச்சரிக்கையின் வாயை மட்டும் மூடுவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் மேட்டூர் மணி அடிக்காதது அடிக்காததுதான், சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்காது. இந்த எண் எதிர்மம் ஆக முடியுமா என்று ஒவ்வொரு எண்ணிடமும் கேளுங்கள். வித்தியாசம், நிலுவை, "கிடைக்கவில்லை என்றால் -1" என்று திரும்பும் விடை ஆகியவை ஆக முடியும். அவற்றைக் குறியுள்ளதாக வைத்து, எதிர்மமா என்று முதலில் சோதித்துவிட்டுப் பிறகு நீளத்தோடு ஒப்பிடுங்கள். கோப்பிலிருந்து வரும் பைட் ஆக முடியாது; அதைப் படிக்கும் இடத்திலேயே குறியில்லாத சார் என்று அறிவித்துவிடுங்கள். நண்பர் நிரலில் ஒரே ஒரு சொல் கூடியது. தாத்தாவின் கோயில் வரலாறு முழுசாக யூனிகோடுக்கு வந்துவிட்டது. உங்களில் யார் வீட்டிலாவது 1999, 2000 வாக்கில் தட்டச்சு செய்த திருப்பணிக் கணக்கோ, குடும்ப மரமோ, கல்யாணப் பத்திரிகையோ பழைய சி.டி.யில் கிடந்தால் அந்தத் தட்டு கெட்டுப்போவதற்குள் எடுத்துப் பாருங்கள். திஸ்கி, டாப் என்று எதில் இருந்தாலும் மாற்றிவிடலாம். உதவி வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், நண்பரிடம் சொல்லி நிரலைக் கொடுக்கச் சொல்கிறேன்.

சி மொழியின் புதிய தரம், சி23, 2024-ல் வெளியானது. எதிர்ம எண்ணுக்கு இனி 2-ன் நிரப்பி மட்டும்தான் என்று அதில் எழுதிவிட்டார்கள். இரண்டு சுழிய இயந்திரங்களின் காலம் சட்டப்படியும் முடிந்தது. சார் குறியுள்ளதா, குறியில்லாததா என்பதை மட்டும் இன்னமும் கம்பைலர் எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள்.